சமையலறை வேண்டாம் என்ற விருந்தாளி

1. கேட்டிலிருந்து வந்த போன்

அன்று காலை தி.நகர் அலுவலகத்தில் நுழைந்து கைப்பையைக் கூடக் கீழே வைக்கவில்லை, போன் அடித்தது. பெசன்ட் நகரில் எங்கள் பட்டியலில் இருந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாட்ச்மேன் துரை பேசினார்.

“மேடம், உங்க பார்ட்டி வந்துக்கிறாங்க. செக்ரட்டரி சாரு உள்ள உட வாணான்றாரு. பெட்டியோட கேட்டாண்ட நின்னுக்கினு கீறாங்க. நான் இன்னா செய்யட்டும்?”

“ஏனாம்?”

“பாய் வூட்டு ஆளுங்கன்னு முன்னாடியே ஏன் சொல்லலன்னு கேக்குறாரு மேடம்.”

கைப்பையை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடிக்க இறங்கினேன்.

நாங்கள் செய்யும் தொழில் இதுதான். சென்னைக்கு வந்து சில நாள் தங்குகிறவர்களுக்கு இடம் பார்த்துக் கொடுப்போம். சர்வீஸ் அப்பார்ட்மென்ட், விடுமுறைக்கு வாடகைக்கு விடும் வீடு, கெஸ்ட் ஹவுஸ், சின்ன ஹோட்டல் எல்லாம் பட்டியலில் உண்டு. இதற்கு முன் பல வருடம் ஹோட்டல் ஃப்ரண்ட் ஆபீஸில் நின்றிருக்கிறேன். புடவையில் பெயர் பேட்ஜ் குத்திக்கொண்டு, எந்த நேரத்திலும் சிரித்த முகமாக இருக்கும் வேலை. அங்கே இருப்பது ஒரே கட்டடம். வந்தவருக்கு அதில் ஓர் அறை. இங்கே ஊர் முழுக்க இடம் இருக்கிறது. வந்தவர் யார் என்று தெரியாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. இந்தத் துறைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் சாஃப்ட்வேரை ஒரே நாளில் கற்றுக்கொள்கிறார்கள். ஆளைப் படிக்கத்தான் நாளாகிறது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

கேட்டில் நின்றவர்கள் நிசார் பாயும் அவர் மனைவி ஷாஹிதாவும். வாணியம்பாடிக்காரர்கள். நிசார் பாய் ஷூவுக்கு மேல்தோல் தைத்துக் கொடுக்கும் சிறிய யூனிட் நடத்துகிறார். ஷாஹிதாவின் சிகிச்சைக்காக இரண்டு வருடமாகச் சென்னைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் அடையாறில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் எங்கள் தரைத்தள ஃப்ளாட் ஒன்றில்தான் தங்கினார்கள். எல்லா ஏற்பாட்டையும் போனில் பேசியவர் நிசார் பாய். ஷாஹிதாவின் குரலை நான் கேட்டதே இல்லை.

சில வாரங்களுக்கு முன் அவர் போன் செய்தபோது குரலே வேறு மாதிரி இருந்தது.

“மேடம், எல்லாம் சரியாப் போச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு, அல்ஹம்துலில்லா! இனிமே எப்பயாச்சும் வந்து காட்டினாப் போதுமாம். இந்த வாட்டி ஆஸ்பத்திரிக்கு வரல. சும்மா வர்றோம். மெட்ராஸ்ல இத்தன நாள் இருந்தும் கடல் பாக்கலன்னு அவங்க சொல்லிட்டாங்க. ஒரு வாரம் கடல் தெரியிற மாதிரி வீடு வேணும். கிச்சன் மட்டும் பெருசா இருக்கட்டும். அவங்களுக்கு சமைக்கிறதுன்னா உசுரு.”

பெசன்ட் நகர் ஃப்ளாட் சரியாக இருக்கும் என்று தோன்றியது. பால்கனியில் நின்றால் கடல் தெரியும். நல்ல கிச்சன். உரிமையாளர் பெங்களூரில் வேலை பார்க்கும் இளைஞர். இருவர் பெயரையும் ஆதார் நகலையும் அனுப்பினேன். தாராளமாக வரச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. இவ்வளவுக்குப் பிறகுதான் இந்தப் போன்.

2. யாருக்கு எந்த இடம்

நடுவில் இதைச் சொல்லிவிடுகிறேன். தொழில் என்று பார்த்தால், வருகிறவர்களை நாங்கள் மனதுக்குள் சில வகையாகப் பிரித்து வைத்திருப்போம்.

கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்களுக்கு தி.நகரைத் தவிர வேறு எங்கேயும் போடக் கூடாது. அவர்களுக்கு ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்பது முக்கியமில்லை. பைகளைப் போட இடம், காலை நீட்ட ஒரு கட்டில், பெரிய லிஃப்ட் போதும். மார்கழிக் கச்சேரிக்கு வருகிறவர்களுக்கு மயிலாப்பூர். ஹீட்டர் விடியற்காலையிலேயே வேலை செய்ய வேண்டும், சபாவுக்கு நடந்தே போக வேண்டும். ஒரு முறை அமெரிக்காவில் இருக்கும் மகன் ஒருவர் தன் அப்பாவுக்கு நீச்சல்குளம் உள்ள ஹோட்டலாகப் பார்த்து புக் செய்துவிட்டார். அப்பா இரண்டாம் நாளே எனக்குப் போன் செய்து, “அம்மா, குளமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். நாங்க மைலாப்பூர் மாட வீதில ஏதாவது ஒரு ஆத்துல ஒண்டிண்டு இருந்துக்கறோம். பாதிக் கச்சேரியே டிராஃபிக்ல போயிடறது” என்றார்.

மருத்துவத்துக்கு வருகிறவர்களுக்குத் தரைத்தளம், வெஸ்டர்ன் டாய்லெட், கஞ்சி வைக்க அடுப்பு. கடல் பார்க்க வருகிறவர்களுக்குப் பெசன்ட் நகர். அமைதி வேண்டுமென்றால் கொட்டிவாக்கம்.

இந்தப் பிரிவுகள் பெரும்பாலும் சரியாக வரும். ஷாஹிதா விஷயத்தில் வரவில்லை.

3. “எல்லாம் எழுதித்தான் வைக்கணுமா?”

நான் போய்ச் சேர்ந்தபோது நிசார் பாய் கேட் பக்கத்தில் நின்று செக்ரட்டரியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஷாஹிதா சற்றுத் தள்ளி, நிழலில்லாத இடத்தில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். தெருவில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை.

அந்தக் கட்டடத்தின் குடியிருப்போர் அசோசியேஷனுக்கு அவர்தான் செக்ரட்டரி; வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட அரைக்கை சட்டை, மடித்த பேப்பர். குரலை உயர்த்தாத மனிதர்.

“வாங்க மேடம். தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு பர்சனலா ஒண்ணும் இல்ல. ரெசிடென்ட்ஸ் கேள்வி கேப்பாங்க. இங்க நான்-வெஜ் சமைக்கக் கூடாதுன்னு ஒரு ரூல் இருக்கு.”

“எங்களுக்கு அப்படி ஒரு ரூல் யாரும் சொன்னதில்லையே சார். எங்க எழுதியிருக்கு?”

“எல்லாம் எழுதித்தான் வைக்கணுமா?”

“போன மாசம் இதே ஃப்ளாட்ல தங்கினவங்க நண்டு வாங்கிச் சமைச்சாங்க சார். நல்ல நண்டு எங்க கிடைக்கும்னு உங்ககிட்டதான் கேட்டாங்களாம். நீங்கதான் வழி சொன்னீங்கன்னு எங்கிட்ட சொன்னாங்க.”

அவர் பேப்பரை இன்னொரு மடிப்பு மடித்தார். “அது வேற விஷயம்” என்றார். எப்படி வேறு என்று சொல்லவில்லை.

துரை எனக்குப் பின்னால் வந்து நின்று, “நான் சொன்னேன்னு சொல்லாதீங்க மேடம். தெனம் மீன்காரம்மா இந்த கேட்டாண்டதான் கூடையை எறக்குது. பாதி வூட்டுக்கு மேல வாங்குறாங்க” என்று முணுமுணுத்தார். துரை இப்போது அங்கே வேலையில் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

உரிமையாளரை போனில் பிடித்து செக்ரட்டரியிடம் கொடுத்தேன். இருவரும் கொஞ்ச நேரம் பேசினார்கள். “நீங்க ஊர்ல இல்ல தம்பி, இங்க இருக்கிறவன் நான்” என்று சொல்லி செக்ரட்டரி போனைத் திருப்பிக் கொடுத்தார்.

நிசார் பாய் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, “சார், வேணும்னா கறி மீன் எதுவும் சமைக்க மாட்டோம்னு எழுதிக் குடுத்துடுறேன். ஒரு வாரம்தானே. அவங்களுக்கு ஒடம்பு இப்பத்தான் தேறியிருக்கு” என்றார்.

செக்ரட்டரி யோசிப்பதுபோல் தெரிந்தது. அதற்குள் பின்னாலிருந்து ஷாஹிதாவின் குரல் வந்தது. நான் அவர் குரலைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“நீங்க எதுவும் எழுதிக் குடுக்க வேணாம். ஊருக்குப் போலாம்.”

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அதற்கு மேல் பேச்சில்லை என்பது எல்லோருக்கும் புரிந்தது. உள்ளே விட்டாலும் இனி அவர் அந்தப் படியில் ஏற மாட்டார். ஏறச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

என் முதலாளிக்குப் போன் செய்தேன். அவர் பெயர் தங்கபாண்டி. நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்போம். திருச்செந்தூர்ப் பக்கம். அவர் அண்ணன்மார்கள் தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார்கள். இவர் மட்டும் இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டார். நடந்ததைச் சொன்னேன்.

“வெயில்லயா நிக்காங்க? மொதல்ல அவங்கள அங்கன இருந்து கூட்டிட்டுப் போங்கம்மா. குடிக்க ஏதாச்சும் வாங்கிக் குடுங்க. கட்டடத்துக்காரன்கிட்ட பொறவு பேசிக்கிடுவோம்.”

4. ஜூஸ் கடையில்

கடற்கரை ரோட்டில் ஒரு ஜூஸ் கடையில் அவர்களை உட்கார வைத்தேன். நிசார் பாய் எலுமிச்சை ஜூஸை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, ஊருக்குப் போக வண்டி பேசுவதற்காக போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கடைக்குள் நானும் ஷாஹிதாவும்தான்.

மன்னிப்புக் கேட்டேன். “நீங்க என்ன பண்ணீங்க அக்கா” என்றார். மேடம் என்று சொல்லாமல் அக்கா என்று அழைத்தது எனக்குக் கொஞ்சம் தைரியம் கொடுத்தது. ஃப்ரண்ட் ஆபீஸ் பழக்கம் விடுமா? உடனே வேறு இடத்தைச் சொல்ல ஆரம்பித்தேன்.

“கொட்டிவாக்கத்துல ஒரு தனி வீடு இருக்கு. அசோசியேஷன் தொல்லை கிடையாது. கடல் பக்கத்துல. கிச்சன் அந்த ஃப்ளாட்டை விடப் பெருசு. நாலு அடுப்பு, மிக்ஸி, கிரைண்டர், எல்லாம்...”

அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே இருந்தவர் துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நெசத்தச் சொல்லட்டா அக்கா?”

“சொல்லுங்க.”

“கிச்சன் இல்லாத எடமா ஒண்ணு இருக்கா?”

அவர் மெதுவாகப் பேசினார்.

“அடையாறு வீட்டுல நான் மருந்து ஏத்திக்கிட்டு வந்து படுத்திருப்பேன். ஊர்லேருந்து என்னைப் பாக்க சொந்தக்காரங்க வருவாங்க. பாவம், பாசமா வருவாங்க, பழம் வாங்கிட்டு வருவாங்க. என்னைப் பாக்க வந்தவங்களுக்கு நான் எந்திரிச்சு டீ போடுவேன். ஒக்காருன்னு சொல்லுவாங்க, ஆனா டீயைக் குடிச்சிடுவாங்க. இவரு நல்லவரு அக்கா. எனக்கு சமைக்கப் புடிக்கும்னு நெசமாவே நெனைக்கிறாரு. அந்தப் பெட்டில என்ன இருக்கு தெரியுமா? குக்கரு, பிரியாணி ஆக்குற தேக்சா, ரெண்டு டப்பா மசாலா. அவரே அடுக்கினாரு.”

“உங்களுக்கு என்ன வேணும்?”

அவர் இந்தக் கேள்விக்குத் தயாராக இல்லாததுபோல் டம்ளரைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

“காலைல யாராச்சும் கதவத் தட்டி டீ குடுக்கணும். நான் படுத்தே இருக்கணும். அப்புறம்... அமைதியா இருக்குற எடம் வேணாம் அக்கா. ஆஸ்பத்திரில ராத்திரி அமைதியாத்தான் இருக்கும். எனக்கு மனுசங்க சத்தம் கேக்கணும். கூட்டத்துல நடக்கணும். ஏதாச்சும் வாங்கித் திங்கணும்.”

நான் அமைதியான கொட்டிவாக்கத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

5. ஸ்டெல்லா அக்காவின் மாடி

அவர் பேசி முடித்ததும் எனக்கு ஓர் இடம்தான் நினைவுக்கு வந்தது. பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயிலுக்கு வருகிறவர்கள் தங்குவதற்காக ஸ்டெல்லா அக்கா நடத்தும் கெஸ்ட் ஹவுஸ். கீழே மெஸ், மேலே அறைகள். அறையில் சமைக்க வசதி கிடையாது. மொசைக் தரை, மர அலமாரி, சின்ன பால்கனி. போட்டோவில் எடுத்தால் எடுபடாத இடம். எங்கள் பட்டியலில் அது கடைசிப் பக்கத்தில் கிடந்தது. தங்கினவர்கள் எழுதும் கருத்துகளில் எல்லாம் ஒரே குறைதான்: சாயங்காலம் ஆனால் பீச் கூட்டத்தின் சத்தம் தாங்க முடியவில்லை, பஜ்ஜிக் கடை வாசனை அறைக்குள் வருகிறது.

கடைக்கு வெளியே வந்து ஸ்டெல்லா அக்காவுக்குப் போன் செய்தேன். இரண்டாவது முறை அவர்களை யார் வாசலிலும் நிறுத்தக் கூடாது என்பதால் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

“அக்கா, ரெண்டு பேர், ஒரு வாரம். நிசார், ஷாஹிதா. முஸ்லிம் குடும்பம். உங்களுக்கோ அங்க தங்கியிருக்கிறவங்களுக்கோ ஏதாவது தயக்கம்னா இப்பவே சொல்லிடுங்க. நேர்ல வந்தப்புறம் வேணாம்.”

“இன்னா வாசுகி, இப்டி கேட்டுக்கினு கீற? யாராவது எதுனா சொன்னாங்களா?”

“சொன்னாங்க.”

“ரோட்டுப் பக்கம் பால்கனி ரூமு காலியா கீது. டீக்கு சக்கர எவ்ளோன்னு கேட்டுச் சொல்லு” என்றார்.

நான் உள்ளே போனபோது நிசார் பாயும் வந்துவிட்டார். வாணியம்பாடிக்கு வண்டி கிடைத்துவிட்டதாகச் சொன்னார். ஷாஹிதா அவரைப் பார்த்து, “வண்டிய வேணாம்னுடுங்க. அக்கா ஒரு எடம் சொல்றாங்க. அங்க கிச்சன் இல்ல” என்றார்.

“கிச்சன் இல்லன்னா எப்படி? ஒனக்கு சமைக்கிறது இஷ்டமாச்சே!”

“ஒங்களுக்குத் திங்க இஷ்டம். அது வேற.”

நிசார் பாய் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மறுபடி மனைவியைப் பார்த்தார். கோபப்படுவாரோ என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எத்தன வருசமா?” என்று கேட்டார்.

“அதெல்லாம் வுடுங்க. இப்ப ஒரு வாரம்.”

அவர் எழுந்து பெட்டியைத் திறந்து, குக்கரையும் தேக்சாவையும் மசாலா டப்பாக்களையும் ஒரு பையில் எடுத்துப் போட்டார். “மேடம், இத ஒங்க ஆபீஸ்ல வச்சிருக்க முடியுமா? கண்ணு முன்னால இருந்தா நானே எதனா கேட்டுடுவேன்” என்றார். அவர்களை ஸ்டெல்லா அக்காவிடம் விட்டுவிட்டு, அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டுதான் ஆட்டோவில் தி.நகர் திரும்பினேன். மசாலா வாசனையில் டிரைவர் வழி நெடுக, “பிரியாணியா மேடம்?” என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

6. கட்டடத்தைப் பட்டியலிலிருந்து எடுத்தது

அந்தக் கட்டடத்தில் எங்களிடம் மூன்று ஃப்ளாட்கள் இருந்தன. வருடம் முழுக்க ஆள் தங்கும் ஃப்ளாட்கள். மூன்றையும் எடுத்துவிடலாம் என்று நான் சொன்னேன். அண்ணாச்சி உடனே சம்மதிக்கவில்லை.

“ஓனர்மாரு மூணு பேரும் என்ன தப்பு செஞ்சாங்க? அந்தப் பெங்களூர்ப் பையன் சரின்னுதானே சொன்னான்?”

“உண்மைதான் அண்ணாச்சி. ஆனா இன்னொரு குடும்பத்தை அதே வாசலுக்கு நான் எப்படி அனுப்ப முடியும்? யாரை விடுவாங்க, யாரை விடமாட்டாங்கன்னு நானே வடிகட்டி அனுப்பணுமா?”

அவர் அசோசியேஷனுக்கு ஒரு கடிதம் அனுப்பச் சொன்னார். அவர்கள் விதி என்னவென்று எழுத்தில் கொடுத்தால், எல்லா விருந்தாளிகளுக்கும் அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம் என்று அதில் எழுதியிருந்தோம். பதில் வரவில்லை. மறுபடி கேட்டோம். செக்ரட்டரி போனில், “இதைப் பெரிசு பண்ணாதீங்க” என்றார். அன்று சாயங்காலம் அண்ணாச்சி என் மேசைக்கு வந்து, “எழுத்துல சொல்ல வெக்கப்படுதவன் வாசல்ல வச்சு மட்டும் சொல்லுதான். எடுத்துருங்கம்மா மூணையும்” என்றார்.

எடுத்தோம். வியாபாரத்தில் அது வலித்தது. அந்தப் பருவத்தில் பெசன்ட் நகர் கேட்டு வந்த பலரை வேறு கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தோம். பெங்களூர் இளைஞர் முதலில் எங்கள் மேல்தான் கோபப்பட்டார். பிறகு அசோசியேஷன் கூட்டத்தில் போய்ச் சண்டை போட்டதாகக் கேள்விப்பட்டேன். விதி மாறியதா என்றால் இல்லை. எழுதப்படாத விதியை எப்படி மாற்றுவது? அவர் ஃப்ளாட்டை மாத வாடகைக்கு விட்டுவிட்டார். அந்தக் கட்டடம் இன்றுவரை எங்கள் பட்டியலில் இல்லை.

7. கேட்க வேண்டியவரிடம் கேட்பது

ஒரு வாரம் முடிகிற அன்று ஸ்டெல்லா அக்கா வீட்டுக்குப் போனேன். ஷாஹிதா பால்கனியில் உட்கார்ந்து கீழே கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெயிலில் கறுத்திருந்தது. சத்தம் தொந்தரவாக இருந்ததா என்று கேட்டேன்.

“சத்தமா? ஒரு வெள்ளக் குதிரைக்காரன் கீழ ‘சவாரி, சவாரி’ன்னு கத்திக்கிட்டே இருப்பான். அவன் குரல் கேக்கலன்னா இவரு ஜன்னலத் தொறந்து பாக்குறாரு. ஆனா டீ விசயத்துல ஒண்ணு சொல்லணும் அக்கா. மொத நாள் காலைல கதவத் தட்டுனாங்க. நான் பதறி எந்திரிச்சு, யாரோ வந்துட்டாங்க, டீ போடணும்னு அடுப்பத் தேடினேன். அடுத்த நாளும் அதே மாதிரி. அப்புறம் ஒரு நாள் தட்டுனாங்க. நான் திரும்பிப் படுத்துக்கிட்டு, ‘அங்க வச்சிட்டுப் போங்க’ன்னேன்.”

சொல்லிவிட்டு, பெரிய குற்றம் ஒன்றைச் செய்தவர்போல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

இளையவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இரண்டு விஷயம். ஒன்று, விருந்தாளி யாரென்று பெயர் சொல்லி, உரிமையாளரிடம் மட்டுமில்லாமல் கேட்டுக்கு அந்தப் பக்கம் யாருக்கு அதிகாரமோ அவரிடமும் முன்பே ஒப்புதல் வாங்குங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்தை நீங்கள் படாவிட்டால் விருந்தாளி வெயிலில் நின்று படுவார்.

இரண்டாவது, புக் செய்கிறவர் ஒருவர், தங்குகிறவர் இன்னொருவர். பெரும்பாலும் அப்பாவுக்கு மகன் கேட்பார், மனைவிக்குக் கணவர் கேட்பார், எல்லோருக்கும் சேர்த்து ஆபீஸ் அட்மின் கேட்பார். அன்போடுதான் கேட்பார்கள். அந்த அன்பை நம்பி அறை கொடுக்காதீர்கள். தங்கப்போகிறவரிடம் ஒரு நிமிடம் போனைக் கொடுக்கச் சொல்லுங்கள். கடல் வேண்டுமா, கிச்சன் வேண்டுமா என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். காலையில் கண் விழித்ததும் முதலில் என்ன நடக்க வேண்டும் என்று கேளுங்கள். அதற்கு வருகிற பதிலை வைத்து இடம் தேடுங்கள். எந்தக் குறைக்காக ஓர் இடத்தைப் பட்டியலின் கடைசியில் தள்ளினோமோ, அதையே தேடி ஒருவர் வருவார்.

சமீபத்தில் ஷாஹிதா போன் செய்தார். ஊரிலிருந்து நாத்தனார், தங்கை, பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று பெண்கள் மட்டும் ஒரு வேன் நிறைய வருகிறார்களாம். எல்லோருக்கும் ஒரே இடம் போதுமா என்று கேட்டேன். “எனக்கெப்படித் தெரியும்? எல்லாரும் இங்கதான் இருக்காங்க. ஒவ்வொருத்தரா குடுக்குறேன், நீங்களே கேளுங்க” என்றார். போன் கை மாறியது. ஒரு வயதான குரல், நான் கேட்பதற்கு முன்பே, “எனக்குத் தனி ரூமு வேணும்மா” என்றது. “கல்யாணம் ஆனதுலேருந்து தனியா தூங்கினதே இல்ல.”

அலுவலகத்தில் மற்ற வேலைகளைத் தள்ளி வைத்துவிட்டு, பேனாவை எடுத்துக்கொண்டேன்.